நாய்க்காக வரைந்த எழுத்து

"இங்கே வா" என்று அம்மா அழைத்தால் ஒரு பொருள்; அதே சொற்களைத் தலைமையாசிரியர் சொன்னால் வேறொரு பொருள். சொல் மாறவில்லை. குரல்தான் மாறியது. அச்சில் ஏறிய சொல்லுக்கும் இத்தகைய குரல் உண்டு. அதனைத் தருவது எழுத்தின் வடிவம். நீதிமன்ற அறிவிப்பு ஒன்றைப் பிறந்தநாள் அழைப்பிதழின் எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தால், ஒரு சொல்லையும் மாற்றாமலே அதன் கண்டிப்புப் பாதி குறைந்துவிடும்.

கணினியில் ஒரே சாயலில் வரைந்து சேர்த்த எழுத்துகளின் தொகுதியை எழுத்துரு என்பர். நூற்றுக்கணக்கான எழுத்துருக்களுள் கையெழுத்தைப் போலத் தோன்றுவன ஒரு பிரிவு. திருமண அழைப்பிதழ்களில் காணப்படும் சுழித்துக் கூட்டி எழுதிய அலங்கார எழுத்துகள் அப்பிரிவில் ஒரு வகை. மற்றொரு வகைக்கு அலங்காரம் கிடையாது. குறிப்பேட்டின் ஓரத்தில் தோழிக்கு எழுதிய இரண்டு வரியைப் போல, இயல்பாகவும் சற்றே கோணலாகவும் இருக்கும். இவ்விரண்டாம் வகையில் உலகெங்கும் அறியப்பட்டதும், மிகுதியாக எள்ளி நகையாடப்பட்டதும் ஒன்றே. அதன் பெயர் காமிக் சான்ஸ். பள்ளிக் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்த்தோர் அப்பெயரைக் கண்டிருப்பர். சிறு வகுப்புகளின் சுவரில் தொங்கும் பிறந்தநாள் பட்டியல், பழங்களின் பெயர் எழுதிய அட்டை, கைகழுவும் இடத்தில் ஒட்டிய அறிவிப்பு ஆகியவற்றிலும் அது இருக்கக்கூடும்.

செய்தி வாசித்த நாய்

1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கணினியை முதன்முதலாகத் தொடுவோருக்காக ஒரு மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் பாப். கட்டளைகளும் பட்டியல்களும் நிறைந்த திரைக்கு மாற்றாக, ஒரு வீட்டின் அறைகள் படமாகத் தெரியும். கடிதம் எழுத வேண்டுமாயின் மேசைமேல் உள்ள தாளைச் சொடுக்கலாம். நாள் பார்க்க வேண்டுமாயின் நாட்காட்டியைச் சொடுக்கலாம். வழிகாட்டுவதற்கு ரோவர் என்னும் மஞ்சள் நிற நாய் ஒன்று அமர்ந்திருக்கும். படக்கதைகளில் வருவதுபோல் அதன் வாயருகே ஒரு பேச்சுக் குமிழ் தோன்றும். அதற்குள் நாயின் சொற்கள் இருக்கும்.

அந்நிறுவனத்தில் எழுத்துருப் பணியில் இருந்த வின்சென்ட் கொனேர் என்பவரிடம் இம்மென்பொருளின் முன்வடிவம் காட்டப்பட்டது. திரையைப் பார்த்தவருக்கு ஒன்று உறுத்தியது. நாய் பேசிய சொற்கள் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் இருந்தன. அது லண்டனின் டைம்ஸ் நாளிதழுக்காக உருவாகி 1932இல் அச்சேறியது. நாடாளுமன்றச் செய்தியையும் பங்குச்சந்தை நிலவரத்தையும் தாங்கி நின்ற எழுத்து. வாலாட்டும் நாய் ஒன்று செய்தி வாசிப்பவரின் குரலில் பேசினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அக்குமிழ்.

கொனேரின் அலுவலக அறையில் இரண்டு அமெரிக்கப் படக்கதை நூல்கள் இருந்தன. ஒன்று 'வாட்ச்மென்', மற்றொன்று பேட்மேன் கதையான 'த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'. இரண்டும் 1986ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியவை. அக்காலப் படக்கதைகளில் உரையாடலை அச்செழுத்தால் கோப்பதில்லை. அதற்கென்றே பழகிய ஒருவர் பேனாவால் எழுதுவார். குமிழ் சிறியது, படத்தை மறைக்கவும் கூடாது. எனவே இருக்கும் இடத்திற்குத் தக்கவாறு எழுத்தைச் சற்று நெருக்கியும் தளர்த்தியும் எழுதக் கைதான் உதவும். ஆங்கிலத்தின் சிற்றெழுத்துகளில் சில கோட்டிற்கு மேலே நீளும், சில கீழே தொங்கும். அவற்றுக்கு வரியிடைவெளி மிகுதியாக வேண்டும். அதனால் உரையாடல் முழுவதையும் பெரிய எழுத்திலேயே எழுதும் வழக்கம் நிலைபெற்றது. உற்றுப் பார்த்தால் மட்டுமே அது கையால் எழுதியது எனப் புலப்படும். ஆயினும் படிப்பவர் காதில் அது பேச்சாகவே ஒலிக்கும்.

கொனேர் அவ்வெழுத்துகளைப் படியெடுக்கவில்லை. தாளில் எழுதி அதனைக் கணினிக்குள் ஏற்றவும் இல்லை. நூல்களைப் பார்த்துவிட்டு, கணினிச் சுட்டியைக் கையில் பிடித்துத் திரையிலேயே ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். கண்ணுக்குச் சரியாகப் படும்வரை திருத்தினார். சுட்டியைக் கொண்டு வட்டம் போட முயன்றவர்களுக்கு அதிலுள்ள தொல்லை தெரியும். அந்தத் தொல்லையின் தடம்தான் காமிக் சான்ஸின் கோணல்.

பெயர் வைத்த கதையும் சுவையானது. முதலில் 'காமிக் புக்' என்றே பெயரிட எண்ணியவர், அது நன்றாக இல்லை என்று கைவிட்டார். ஆங்கில எழுத்துகளின் கோட்டு நுனிகளில் சில எழுத்துருக்கள் சிறு கால்களைப் போன்ற நீட்சியை வைத்திருக்கும். அந்நீட்சிக்கு செரிஃப் என்று பெயர். டைம்ஸ் நியூ ரோமனில் அதனைக் காணலாம். 'சான்ஸ்' என்பது 'இன்றி' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நுனிக்கால் அற்ற படக்கதை எழுத்து என்பதே பெயரின் பொருள். ஆனால் அந்தப் பெயருக்கு அவ்வெழுத்துருவே முழுதும் கட்டுப்படவில்லை. ஆங்கிலத்தின் ஒன்பதாம் எழுத்து, பெரிய வடிவில், மேலும் கீழும் குறுக்குக்கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

சட்டைக்குள் நுழையாத உடல்

இவ்வளவு செய்தும் ரோவருக்கு அவ்வெழுத்து கிடைக்கவில்லை. எழுத்துரு உருவாகி முடிந்த வேளையில், பாப் மென்பொருளின் குமிழ்கள் அனைத்தும் டைம்ஸ் நியூ ரோமனுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டுவிட்டன. அச்செழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அகலம் உண்டு. காமிக் சான்ஸின் எழுத்துகள் சற்றே பருமனானவை. ஓர் எழுத்தில் மயிரிழை அளவு கூடினாலும், முப்பது எழுத்து கொண்ட வரியில் அது ஒரு சொல்லைக் கீழே தள்ளிவிடும். கடைசி வரி குமிழைவிட்டு வெளியேறும். ஒருவருக்குத் தைத்த சட்டைக்குள் இன்னொருவர் நுழைய முயன்ற கதைதான். மாற்றுவதற்குக் காலம் இல்லை. 1995இல் பாப் வெளிவந்தபோது ரோவர் பழைய குரலிலேயே பேசிற்று. அம்மென்பொருளை மக்கள் விரும்பவில்லை. ஓராண்டளவில் அது மறைந்தது.

எழுத்து மட்டும் தப்பியது. குழந்தைகள் தாமே அசைபடம் செய்து மகிழ்வதற்கென அதே ஆண்டு வந்த ஒரு மென்பொருளின் உதவிக் குறிப்புகளில் அது இடம்பெற்றது. பின்னர் விண்டோஸ் 95இன் கூடுதல் தொகுப்பிலும், தொடர்ந்து விண்டோஸுடனும் வந்தது. உலகின் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குள் அதனை யாரும் அழைக்காமலே அது குடிபுகுந்தது.

தோற்றமும் அதன் காரணமும்

காமிக் சான்ஸின் கோடுகள் எங்கும் ஏறத்தாழ ஒரே தடிப்பு உடையவை, நுனிகள் உருண்டவை. மொத்தையான குறிப்புப் பேனாவால் எழுதியது போன்ற தோற்றம் அதனால்தான் வருகிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, தனித்தனியே நிற்கின்றன. ஆங்கில முதலெழுத்தின் சிறிய வடிவம் பெரும்பாலான அச்செழுத்துகளில் தலைக்கு மேல் ஒரு வளைவு கொண்டிருக்கும். முதல் வகுப்புக் குழந்தை அதனை அவ்வாறு எழுதக் கற்பதில்லை. ஒரு வட்டமும் ஒரு கோடுமாகவே எழுதும். காமிக் சான்ஸும் அவ்வாறே எழுதுகிறது. கற்கும் குழந்தை, தான் எழுதும் வடிவத்தையே படிக்கும் நூலிலும் காண்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இவ்வெழுத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதுவே தலையாய காரணமாகலாம்.

ஒன்பதாம் எழுத்துக்குக் குறுக்குக்கோடு இட்டதும் வீண் அலங்காரம் அன்று. நுனிக்கால் இல்லாத எழுத்துருக்கள் பலவற்றில் பெரிய ஒன்பதாம் எழுத்து, சிறிய பன்னிரண்டாம் எழுத்து ஆகிய இரண்டும் வெறும் நிமிர்ந்த கோடுகளே. சிலவற்றில் எண் ஒன்றும் அவற்றோடு சேர்ந்து குழப்பும். தமிழிலும் இத்தகைய குழப்பம் இருந்தது. ஓலைச்சுவடிகளில் ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லின் பொருளை நோக்கியே படிப்பவர் தெளிய வேண்டும். பிற்காலத்தில் ரகரத்தின் அடியில் சாய்ந்த சிறு கோடு இட்டு இரண்டையும் பிரித்தனர். ஒரு சிறு கோடு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சுவடி படித்துப் பதிப்பித்த அறிஞர்கள் நன்கு அறிந்திருப்பர்.

இனி, அக்காலக் கணினித் திரையை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய கைப்பேசித் திரையில் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமானவை. 1995இல் அப்படியன்று. குறுக்கே 640 புள்ளி, நெடுக்கே 480 புள்ளி கொண்ட திரைகள் பரவலாக இருந்தன. ஒரு சிற்றெழுத்தின் உடலுக்கு ஏழெட்டுப் புள்ளி உயரமே கிடைக்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஏழு கட்ட உயரத்திற்குள் கட்டங்களை நிரப்பி ஓர் எழுத்தை உருவாக்க முயன்றால் அதன் இடர் விளங்கும். கோட்டின் தடிப்பு ஒரு கட்டம். மெல்லிய கோடு வேண்டுமென்றால் அரைக் கட்டம் நிரப்ப இயலாது. எனவே தடித்தும் மெலிந்தும் செல்லும் நயமான எழுத்துகள் அத்திரையில் சிதைந்தன. ஒரே தடிப்புள்ள, அகன்ற, எளிய காமிக் சான்ஸ் தெளிவாக நின்றது. அது திரைக்குப் பிறந்த எழுத்து.

சிக்கல் தொடங்கியது தாளில். அச்சுப்பொறி ஓர் அங்குலத்திற்கு முந்நூறு, அறுநூறு புள்ளிகள் இடக்கூடியது. அதில் பெரிதாக அச்சிட்டபோது, திரையில் மறைந்திருந்த கோணல்கள் அனைத்தும் வெளிப்பட்டன. ஓர் எழுத்து சாய்ந்து நின்றது. அடுத்தது நிமிர்ந்து நின்றது. இடைவெளிகள் ஒழுங்கின்றித் தோன்றின. எழுத்துக் கலையில் தேர்ந்தவர்கள் முகம் சுளித்தது பெரும்பாலும் இதனைக் கண்டுதான்.

சிரிப்புக்கு ஆளான வரலாறு

அதற்கு முன் எழுத்தின் வடிவத்தைத் தேர்வது அச்சகத்தாரின் வேலையாக இருந்தது. கணினி வந்தபின், கடைக்காரரும் அலுவலக எழுத்தரும் இல்லத்தலைவியும் தாமே தேர்ந்தெடுக்கத் தொடங்கினர். பட்டியலைத் திறந்தால் பெரும்பாலானவை இறுகிய முகத்தோடு நின்றன. ஒன்று மட்டும் சிரித்தது. பலரும் அதனைச் சொடுக்கியதில் வியப்பில்லை. பீனி பேபீஸ் என்னும் துணிப் பொம்மைகளின் காதில் தொங்கும் அட்டையில் அது ஏறியது. பள்ளி அறிக்கை, கேளிக்கை அழைப்பு, உணவுக்கடைப் பலகை என்று பரவியது. அங்கெல்லாம் அது பொருந்தியது. அபாய எச்சரிக்கையிலும் இரங்கல் குறிப்பிலும் அது தோன்றியபோதுதான் படித்தவர்கள் நெளிந்தனர்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வடிவமைப்பாளர்களான ஓர் ஆணும் பெண்ணும், 1999இல் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றின் பணியில் இவ்வெழுத்தைப் பயன்படுத்துமாறு பணிக்கப்பட்டனர். வெறுத்துப்போனவர்கள் பின்னர் இதனைத் தடை செய்யக் கோரி ஓர் இயக்கமே தொடங்கினர். ஒட்டுத்தாள்கள் அச்சிட்டுப் பரப்பினர். பாதி விளையாட்டு, பாதி உண்மைச் சினம். குழந்தைகளுக்கான இடத்தில் குழந்தைமையான எழுத்தை மறுத்ததில் தொடங்கியது இந்த எதிர்ப்பு என்பது சற்று விந்தையே.

2010ஆம் ஆண்டு சூலையில், கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமி அணிக்குச் செல்வதாக அறிவித்தார். அன்றிரவே கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் கடுஞ்சினத்தோடு ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல் வெளியிட்டார். மடலின் எழுத்துரு காமிக் சான்ஸ். சொற்கள் இடித்தன, எழுத்து சிரித்தது. நாடே மடலின் பொருளை விட்டுவிட்டு எழுத்தைப் பற்றிப் பேசிற்று. தேர்வுத்தாளில் "அவன் வந்துட்டான்" என்று எழுதிய விடையைப் போன்றது இது. பேச்சில் அதற்குக் குறையில்லை. வீட்டில் "வந்துவிட்டான்" என்று முழுதாகச் சொன்னால்தான் அனைவரும் திரும்பிப் பார்ப்பர்.

இரண்டே ஆண்டுகளில் மற்றொரு நிகழ்வு. 2012ஆம் ஆண்டு சூலை 4 அன்று ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், அறிவியலாளர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தேடிய ஹிக்ஸ் போசான் துகளின் அடையாளம் கிடைத்துவிட்டது என்னும் செய்தி வெளியிடப்பட்டது. போசான் என்னும் சொல் கொல்கத்தாவில் பிறந்த சத்தியேந்திர நாத் போஸ் அவர்களின் பெயரால் அமைந்தது. ஆய்வு செய்த இரு குழுக்களுள் ஒன்றின் சார்பில் பேசியவர் இத்தாலிய இயற்பியலாளர் ஃபபியோலா ஜியானோட்டி. ஏறத்தாழ 3000 அறிவியலாளர்களின் உழைப்பை அவர் படவில்லைகளாகக் காட்டினார். அவ்வில்லைகளில் இருந்த எழுத்தும் காமிக் சான்ஸே. இயற்பியல் புரியாதவர்களுக்கும் எழுத்துருவைக் கேலி செய்வது எளிதாக இருந்தது. உலகெங்கும் கேலி பறந்தது.

இந்தச் சிரிப்பை வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் எளிதில் உணர்வர். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, புனேயிலோ தில்லியிலோ பழகிய தமிழில் ஆர்வத்தோடு ஒரு செய்தி சொல்லத் தொடங்கினால், சொன்ன செய்தியை விட்டுவிட்டுச் சொன்ன விதத்தைப் பார்த்துச் சிரிக்கும் உறவினர் எங்கும் இருப்பர். செய்தி அங்கேயே நின்றுபோகும். ஜியானோட்டி நிறுத்தவில்லை. 2016இல் அவர் செர்ன் ஆய்வுக்கூடத்தின் தலைமை இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவரே. அதற்கு முன், 2014 ஏப்ரல் முதல் நாளன்று, இனித் தன் வெளியீடுகள் அனைத்தும் காமிக் சான்ஸிலேயே அமையும் என்று செர்ன் அறிவித்தது. நாளைக் கவனித்தவர்கள் சிரித்துக்கொண்டனர். இம்முறை சிரிப்பைத் தொடங்கிவைத்தவர்கள் அறிவியலாளர்கள்.

படிக்கத் திணறுவோர்

கேலி செய்தோர் பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு பயன் இவ்வெழுத்துக்கு உண்டு. அறிவில் எக்குறையும் இல்லாத சிலருக்கு எழுத்துகளை இனங்கண்டு படிப்பது மட்டும் பெருந்துன்பமாக இருக்கும். அதனை டிஸ்லெக்சியா என்பர். 2007இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படத்தின் சிறுவனுக்கு இருந்தது அதுவே. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் சிறிய வடிவில், கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று வலமிடம் மாறியவை. இத்தகைய குழந்தைகள் அவ்விடத்தில் தடுமாறுவர். கையால் வரைந்த எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றையொன்று திருப்பிப் போட்டவையாக அமைவதில்லை. எழுத்துகளுக்கு இடையே நெரிசலும் குறைவு. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் தன் வழிகாட்டிக் குறிப்பில், படிக்க எளிய எழுத்துருக்களின் வரிசையில் ஏரியல், வெர்டானா முதலியவற்றோடு காமிக் சான்ஸையும் சேர்த்துள்ளது. எல்லாக் குழந்தைக்கும் அது உதவும் என்று சொல்ல இயலாது. எழுத்தின் அளவும் இடைவெளியும்கூட உதவியில் பங்கு கொள்கின்றன. ஆயினும், ஒரு குழந்தைக்குப் பக்கத்தைப் படிக்க முடிகிறதா இல்லையா என்பது, எழுத்து அழகாக உள்ளதா என்பதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

அதன் கோணல்களை மட்டும் திருத்தி, இயல்பை விடாமல் காக்க முயன்றவர்களும் உண்டு. 2014இல் கிரெய்க் ரோசின்ஸ்கி என்பவர் 'காமிக் நியூ' என்னும் எழுத்துருவை வரைந்து இலவசமாக வழங்கினார். அது ஒழுங்கானது, பார்வைக்கு இனியது. எனினும் சிறு வகுப்புச் சுவர்களில் பழையதே மிகுதியாகக் காணப்படுகிறது. கணினியோடு கூடவே வந்த எழுத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை அல்லவா?

தமிழில் கையெழுத்துச் சாயல் கொண்ட எழுத்துரு செய்வது இன்னும் கடினமான வேலை. ஆங்கிலத்திற்கு 26 பெரிய எழுத்தும் 26 சிறிய எழுத்தும் வரைந்தால் அடிப்படை முடிந்தது. தமிழில் உகர ஊகார உயிர்மெய்களைத் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்க இயலாது. 'கு' ஒரு விதமாக வளையும், 'சு' வேறு விதமாக இறங்கும், 'து' இன்னொரு விதம், 'மூ' மற்றொரு விதம். பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்களைத் தனியே வரைய வேண்டும். கையின் இயல்பு எல்லாவற்றிலும் ஒன்றுபோல் தெரியவும் வேண்டும். இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ், கையால் சாய்த்து எழுதும் தமிழின் சாயலில் உருவாக்கிய எழுத்துரு ஒன்று, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் தாத்தாவுக்கு ஒரு வாழ்த்து எழுதி அச்சிட்டால், அச்சடித்ததா எழுதியதா என்று அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கக்கூடும்.

ரோவரின் கதையும் முடிந்துவிடவில்லை. மறைந்த மென்பொருளின் அந்த மஞ்சள் நாய், 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, தொலைந்த கோப்புகளைத் தேடித்தரும் துணையாகத் திரையின் ஓரத்தில் மீண்டும் வந்து அமர்ந்தது. அதற்குள், அதற்காக வரையப்பட்டு அதன் குமிழுக்குள் நுழைய முடியாமற்போன எழுத்து, நாயைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றிருந்தது.